பழுது தெரியும் இடமும் தொடங்கும் இடமும்: வீட்டில் வார்க்கும் இருநிறத் தூண்டில் இரையை முன்வைத்து

விரல் நீளமுள்ள ஒரு மென்பிளாஸ்டிக் மீனைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது அதன் நடுவே ஓடும் கோடு. கோட்டுக்கு மேலே முதுகு கரும்பச்சை. கீழே வயிறு வெள்ளை. இது அழகுக்காக மட்டும் இட்ட நிறம் அன்று. மீன்கள் பலவற்றுக்கும் முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருக்கின்றன. மேலிருந்து பார்க்கும் பறவைக்கு அந்த முதுகு ஆற்றின் அடித்தளத்தோடு கலந்துவிடும்; கீழிருந்து பார்க்கும் பெரிய மீனுக்கு அந்த வயிறு வானத்தின் வெளிச்சத்தோடு கலந்துவிடும். அமெரிக்க ஓவியர் அபட் தேயர் 1896இல் இதை ஒரு விதியாகவே எழுதினார். தூண்டிலுக்கான செயற்கை இரையை வீட்டில் வார்ப்பவர் அந்த விதியை இரண்டு கோப்பை பிளாஸ்டிக்கில் திரும்பச் செய்து பார்க்கிறார். அவருடைய தோல்விகளில் பெரும்பாலானவை அந்த நடுக்கோட்டில்தான் வந்து நிற்கின்றன.

கோட்டில் வந்து நிற்பதாலேயே அவை கோட்டில் பிறந்தவை ஆகிவிடுவதில்லை. நிறங்கள் பிரிந்து உரிவது, கலங்கி ஒன்றோடொன்று ஓடுவது, வார்த்த அன்று தெளிவாக இருந்து மூன்றாம் வாரத்தில் மங்குவது ஆகிய மூன்றும் கண்ணுக்கு ஒரே இடத்தில் தெரிகின்றன. ஆனால் முதலாவது வெப்பத்தில் தொடங்குகிறது. இரண்டாவது ஊற்றும் கையில் தொடங்குகிறது. மூன்றாவதோ அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே, சாயத்தைத் தேர்ந்த கணத்திலேயே தொடங்கிவிடுகிறது. பழுது தெரியும் இடத்திலிருந்து அது தொடங்கிய இடத்துக்கு நடந்து செல்லும் திறன் ஓர் அறிவுத்துறைக்குரிய திறன். பொழுதுபோக்காக இரை வார்ப்பவர்கள் அதைப் பயின்றுகொள்கிறார்கள். பல்கலைக்கழக ஆய்வகங்கள் அதைக் கற்பிப்பதில்லை என்பதும், தலைநகரின் ஆற்றுக்கே அந்தத் திறன் மறுக்கப்படுகிறது என்பதும்தான் இங்கு முன்வைக்கப்படும் குற்றச்சாட்டு.

பொருளின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1926இல் ஓஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில், குட்ரிச் ரப்பர் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டோ செமன், ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்கும் பசையைத் தேடிக்கொண்டிருந்தார். பசை கிடைக்கவில்லை. கடினமான பி.வி.சி.யை ஒரு திரவத்தோடு சூடாக்கினால் அது ரப்பர்போல் வளைகிறது என்பது கிடைத்தது. அதே ஆக்ரன் நகரில் 1949இல் நிக் கிரீம் என்பவர் தம் வீட்டுச் சமையலறையில் முதல் பிளாஸ்டிக் மண்புழுக்களை வார்த்தெடுத்தார். ஒன்று தோல்வியில் பிறந்த கண்டுபிடிப்பு. மற்றொன்று அடுப்படியில் பிறந்த தொழில். இன்று இணையவழியில் அச்சும் திரவமும் வாங்கி, விராலுக்கு ரப்பர்த் தவளையும் மலையாற்று மீன்களுக்கு இருநிறச் சிறுமீனும் வார்ப்பவர்கள் அந்த இரண்டு மரபுக்கும் வாரிசுகள்.

வார்ப்புக்கான மூலப்பொருள் பிளாஸ்டிசால் எனப்படுகிறது. பி.வி.சி.யின் மிக நுண்ணிய தூள், நெகிழ்வூட்டி என்னும் எண்ணெய் போன்ற திரவத்தில் மிதந்து நிற்கும் பால்நிறக் குழம்பு அது. சூடேறும்போது தூள் நெகிழ்வூட்டியை உறிஞ்சி ஊதுகிறது. குழம்பு கெட்டித்துக் களிபோல் ஆகிறது. அனுபவமில்லாதவர் இந்த நிலையில் பயந்து அடுப்பை அணைத்துவிடுவார். மேலும் சூடேற்றினால், ஏறத்தாழ 160 முதல் 180 டிகிரி செல்சியஸுக்குள் அந்தக் களி மீண்டும் இளகித் தெளிந்த திரவமாகிறது. பி.வி.சி.யும் நெகிழ்வூட்டியும் முழுமையாக ஒன்றிக் கலக்கும் இந்த நிலைதான் ஊற்றுவதற்குரிய பதம். இதைக் கடந்து 200 டிகிரியை நெருங்கினால் பி.வி.சி. சிதையத் தொடங்கி ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளியிடும். திரவம் மஞ்சளித்துப் பழுப்பேறும். வெளியேறும் வாயுவே மேலும் சிதைவைத் தூண்டும் என்பதால் கருகல் தொடங்கினால் விரைந்து பரவும். பதத்துக்கும் கருகலுக்கும் இடையே உள்ள இடைவெளி குறுகலானது. இருநிற வார்ப்பில் அந்தக் குறுகிய இடைவெளிக்குள் இரண்டு கோப்பைகளை ஒரே நேரத்தில் நிறுத்த வேண்டியிருக்கிறது.

முதற்பழுது, நிறங்கள் உரிந்து பிரிவது. வயிற்றுக்கு வெள்ளையை ஊற்றி, அது இறுகியபின் முதுகுக்குப் பச்சையை ஊற்றியிருப்பார்கள். இரை பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். இழுத்துப் பார்த்தால் இரண்டு பட்டைகளாக வந்துவிடும். இரண்டு பிளாஸ்டிக் அடுக்குகள் ஒன்றாவதற்கு, எல்லையில் நிற்கும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பின்னிக்கொள்ள வேண்டும். அதற்கு வெப்பம் தேவை. முதல் அடுக்கு முழுதாக ஆறிவிட்டால் இரண்டாவது அதன்மேல் படுமே தவிர அதற்குள் புகாது. ஆகவே முதல் அடுக்கின் மேற்பரப்பு ஆடை கட்டியவுடன், உள்ளே இளஞ்சூடு இருக்கும்போதே, இரண்டாவதைச் சற்றுக் கூடுதல் சூட்டில் ஊற்ற வேண்டும். அச்சில் தடவிய எண்ணெய் முதல் அடுக்கின் மேல் ஏறியிருந்தாலும் இதே பழுது வரும். உரிந்த பரப்பைத் தொட்டுப் பார்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு காரணத்தைச் சொல்லிவிடும். பிசுக்கில்லாமல் வழவழவென்று இருந்தால் சூடு போதவில்லை என்று கொள்ளலாம்.

இரண்டாவது பழுது, கோடு கலங்குவது. ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றுபவருக்கு இது அவசரத்தால் வருகிறது: முதல் அடுக்கு திரவமாக இருக்கும்போதே இரண்டாவது உயரத்திலிருந்து விழுந்து அதைத் துளைத்துவிடுகிறது. இரட்டைப் பீச்சுக்குழலால் இரண்டு நிறங்களையும் ஒரே நேரத்தில் மூடிய அச்சுக்குள் செலுத்துபவருக்குக் காரணம் வேறு. சூடு மிகுந்த திரவம் நீர்த்து ஓடும். சூடு குறைந்தது தயங்கும். நீர்த்தது முந்திச் சென்று மற்றதன் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். கோடு எந்தப் பக்கம் வளைந்திருக்கிறதோ, அந்தப் பக்கத்து நிறம் பின்தங்கியிருந்தது என்று அறியலாம். இரண்டு கோப்பைகளின் வெப்பத்தையும் வெப்பமானியால் ஒப்பிட்டுச் சமன்செய்து, இரண்டு தண்டுகளையும் ஒரே அழுத்தத்தில் நகர்த்தினால் கோடு நேராகும்.

மூன்றாவது பழுதுதான் பலரையும் ஏமாற்றுவது. வார்த்த நாளில் கத்தியால் கீறியதுபோல் இருந்த கோடு, பெட்டியில் கிடந்த சில வாரங்களில் மங்கி, வெள்ளை வயிறு இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ மாறிவிடுகிறது. இதைக் கண்டவர் அடுத்த முறை வெப்பத்தை மாற்றுவார். பிறகு ஊற்றும் வேகத்தை மாற்றுவார். அதன்பின் அச்சையே மாற்றுவார். ஒன்றும் பலிக்காது. பழுது சாயத்தில் இருக்கிறது. நெகிழ்வூட்டியில் கரையும் சாயம் அந்தத் திரவத்தோடு எல்லை கடந்து நடமாடும்; கரையாத் துகளாகிய நிறமி இட்ட இடத்தில் நிற்கும். கண்ணைப் பறிக்கும் ஒளிர்நிறங்கள் பல இப்படி ஓடும் இயல்புடையவை. இரண்டு பாதிகளின் மென்மை வேறுபட்டிருந்தால் நெகிழ்வூட்டியே மென்மையான பக்கத்திலிருந்து கடினமான பக்கத்துக்கு நகர்ந்து, இரையை வில்லாக வளைத்துவிடவும் கூடும். இதற்குரிய சோதனை மிக எளிது: இரண்டு நிறத்திலும் ஒரு சிறு துண்டை வார்த்து, ஒன்றோடொன்று அழுத்திக் கட்டி, சில வாரம் வைத்துப் பார்ப்பது. பலரும் செய்யாத சோதனையும் இதுவே. காத்திருப்பது அடுப்பைத் திருகுவதைப்போல் சுறுசுறுப்பான வேலையாகத் தோன்றுவதில்லை.

மற்றப் பழுதுகளையும் இப்படியே வாசிக்கலாம். குமிழ்கள் இரையின் உடலெங்கும் பரவியிருந்தால் கலக்கும்போது காற்று புகுந்தது; அச்சின் சுவரை ஒட்டி மட்டும் இருந்தால் பிளாஸ்டர் அச்சில் ஈரம் மிச்சம். முதுகில் குழி விழுந்தால், ஆறும்போது சுருங்கிய பிளாஸ்டிக்கை ஈடுசெய்ய வாய்க்காலில் மேலும் திரவம் இல்லை. அழுத்தத்தைச் சில நொடிகள் கூடுதலாகப் பிடிக்க வேண்டும். இழுத்தவுடன் ரொட்டிபோல் பிய்ந்தால், களி நிலையைத் தாண்டும் முன்பே ஊற்றியிருக்கிறார்கள். எடை கூட்டுவதற்காக ஒரு நிறத்தில் மட்டும் உப்புத்தூள் சேர்த்தால் நீரில் அந்தப் பக்கம் கவிழும்.

இவை அனைத்திலும் மூன்று கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பழுது எங்கே இருக்கிறது? எப்போது தோன்றியது? ஒவ்வொரு முறையும் வருகிறதா? இம்மூன்றுக்கும் விடை எழுதியபின் ஒரே ஒரு காரணியை மட்டும் மாற்றி மீண்டும் வார்க்க வேண்டும். வெப்பத்தையும் சாயத்தையும் சேர்த்து மாற்றி, அடுத்த வார்ப்பு நன்றாக அமைந்துவிட்டால் மகிழ்ச்சி கிடைக்கும், அறிவு கிடைக்காது.

தில்லியில் இந்தக் கலை கூடுதலான கவனத்தைக் கோருகிறது. மே, ஜூன் மாதங்களில் 40 டிகிரியைக் கடக்கும் அறையில் வெற்றி தந்த செய்முறை, ஜனவரிக் காலையில் தோற்றுவிடும். உறைகுளிரில் கிடந்த அலுமினிய அச்சு, தொட்ட நொடியில் திரவத்தின் சூட்டை உறிஞ்சிவிடுவதால் முதல் இரண்டு வார்ப்புகளில் ஓட்டச் சுவடுகளும் ஒட்டாத கோடுகளும் தோன்றும். கோப்பையில் குற்றமில்லை, அச்சை முன்கூட்டியே வெதுவெதுப்பாக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவே. ஜூலை மழைக்காலத்தில் பிளாஸ்டர் அச்சு காற்றிலிருந்தே ஈரம் வாங்கும். கோடையில் நெற்றி வியர்வை ஒரு துளி 170 டிகிரித் திரவத்தில் விழுந்தால் நீர் நொடியில் ஆவியாகிக் கொதிக்கும் பிளாஸ்டிக்கை முகத்தில் தெறிக்கவைக்கும்.

அதைவிடப் பெரிய ஆபத்து அறையின் அமைப்பில் உள்ளது. முனீர்க்காவிலும் கட்வாரியா சராயிலும் ஆய்வு மாணவர்கள் குடியிருக்கும் அறைகள் எப்படிப்பட்டவை என்பது தில்லியில் படித்தவர்களுக்குத் தெரியும். எதிர்வீட்டுச் சுவரைப் பார்க்கும் ஒரு சாளரம். குளிர்காலத்தில் அதுவும் அடைபட்டிருக்கும். படுக்கையும் அடுப்பும் ஒரே கூரையின் கீழ். அத்தகைய அறையில் கருகும் பி.வி.சி.யின் வாயு மூக்கையும் தொண்டையையும் நுரையீரலையும் அரிக்கும். திறந்த மொட்டைமாடி, கண்ணாடி, நீளக்கை உடை, வேறு எதற்கும் பயன்படாத தனிப் பாத்திரம், உணவு சூடாக்காத தனி அடுப்பு ஆகியவை இல்லாதபோது வார்க்காமல் இருப்பதே சரி. இரை மஞ்சளித்திருக்கிறது என்று கவலைப்படுபவர், அந்த மஞ்சள் தம் மூச்சுக்கும் ஒரு செய்தி சொல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பல்கலைக்கழகத்தின் மீதான குற்றச்சாட்டு இந்த இடத்தில் எழுகிறது. இந்தியக் கல்லூரிகளில் செய்முறைத் தேர்வு எப்படி நடக்கிறது என்பது ஊரறிந்தது. விடை முன்பே தெரியும். மாணவர் அளந்த எண் அதிலிருந்து விலகினால், விலகலுக்குக் காரணம் தேடுவதில்லை. முந்தைய ஆண்டு மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எண்ணைத் திருத்துகிறார். நிறமறியும் சோதனையில் தவறிப்போன முடிவுப்புள்ளி கையேட்டில் ஒருநாளும் இடம்பெறுவதில்லை. இப்படிப் பயின்றவரே பின்னாளில் முனைவர் பட்ட ஆய்வுக்கு வருகிறார். பலிக்காத பத்துச் சோதனைகள் ஆய்வேட்டில் ஒரு வரியாகக்கூட எஞ்சுவதில்லை. அடுத்து வருபவர் அதே பத்தையும் மீண்டும் செய்து தோற்கிறார். பல்லுறுப்பி வேதியியலில் முதல் மதிப்பெண் பெற்ற மாணவர் களிநிலைக்கும் உருகுநிலைக்கும் வரையறை எழுதுவார். பிய்ந்துபோன ஒரு பிளாஸ்டிக் மீனைக் கையில் கொடுத்து, இது எந்த நிலையில் ஊற்றப்பட்டது என்று கேட்டால் திகைப்பார். வீட்டில் வார்ப்பவருக்கு எண்ணைத் திருத்தும் வசதி இல்லை. உரியும் இரை உரியத்தான் செய்யும்.

இதற்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. தொழிற்சாலையில் கருவிகள் வெப்பத்தையும் அழுத்தத்தையும் தாமே கட்டுப்படுத்துகின்றன. சமையலறைக் கைப்பக்குவத்தைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவருவது பின்னோக்கிய பயணம் ஆகாதா என்பது அது. ஆனால் கருவி தனக்கு இட்ட எல்லைக்குள் காரணியைப் பிடித்துவைக்கும்; எந்தக் காரணியைப் பிடிக்க வேண்டும் என்பதைச் சொல்லாது. சாயம் ஓடும் பழுதுக்கு எத்தனை துல்லியமான வெப்பக் கட்டுப்பாடும் மருந்தாகாது. முதலில் காரணத்தைத் தேர்பவர் மனிதர். கருவி அதற்குப் பின்னர்தான் வருகிறது.

வார்ப்பவர்களுக்கும் ஒரு கேள்வி உண்டு. அவர்களுடைய பழுதுப் பட்டியல் அச்சிலிருந்து இரை வெளிவந்ததோடு முடிந்துவிடுகிறது. கோடு நேராக, குமிழின்றி, உரியாமல் வந்தால் அது நல்ல இரை. ஆனால் அந்த நெகிழ்வூட்டி எது? தாலேட் வகையைச் சேர்ந்ததா? இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பொம்மைத் தரக்கட்டுப்பாட்டு ஆணையின்கீழ், குழந்தைகளின் பொம்மைகளில் குறிப்பிட்ட தாலேட்டுகளுக்கு ஐ.எஸ். 9873 தரவரிசை வரம்பு விதிக்கிறது. தூண்டில் இரை பொம்மை அன்று. ஆகவே அந்த வரம்பு அதைத் தொடுவதில்லை. ஒரே குழம்பிலிருந்து வார்த்த இரண்டு மீன்களில் குழந்தை கடிப்பதற்குத் தரம் உண்டு. ஆற்று மீன் விழுங்குவதற்கு இல்லை. தில்லித் தூண்டில்காரர்கள் நாடிச் செல்லும் உத்தராகண்டின் ராம்கங்காவில் வாழும் பொன் மாசீர், உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழிவாபத்திலுள்ள இனம். பிடித்த மீனைக் காயமின்றி விட்டுவிடும் நற்பண்புள்ளவர்கூட, தூண்டில் முள்ளிலிருந்து பிய்ந்து நீரில் போன மென்பிளாஸ்டிக்கைத் தேடி எடுப்பது அரிது. மட்காத அந்தத் துண்டு, தன் நெகிழ்வூட்டியைக் கசியவிட்டபடி ஆற்றடியில் கிடக்கும். எளிதில் பிய்வது என்பது வார்ப்பவரின் கையேட்டில் ஒரு சிறு பழுது; ஆற்றின் கணக்கில் அதுவே முதற்பழுது. மென்மையைச் சற்றுக் குறைத்து உறுதியைக் கூட்டுவதும், பிய்ந்தவற்றைத் திரும்பக் கொண்டுவருவதும், தாலேட் இல்லாத குழம்பைக் கேட்டு வாங்குவதும் பழுது நீக்கும் பணியின் பகுதிகளாக வேண்டும்.

தில்லியின் சொந்த ஆற்றில் இதே பாடம் பேருருவில் நிற்கிறது. ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்தபின், காளிந்தி குஞ்சு அருகே ஓக்லா தடுப்பணைக்குக் கீழே யமுனை வெண்ணுரை போர்த்துக்கொள்கிறது. நுரை அங்கே தெரிகிறது, அங்கே தொடங்குவதில்லை. வசீராபாத்திலிருந்து ஓக்லா வரையிலான 22 கி.மீ. நீளத்தில், நஜஃப்கட் வடிகால் உள்ளிட்ட சாக்கடைகள் கொண்டுவந்து சேர்க்கும் சுத்திகரிக்கப்படாத கழிவுநீரில் சோப்புப் பொருட்கள் கலந்திருக்கின்றன. மேலே ஹத்னிகுண்டில் நீர் பெருமளவு திருப்பப்படுவதால், வறண்ட மாதங்களில் அவற்றை நீர்க்கச் செய்யும் ஓட்டமும் ஆற்றில் இல்லை. அணையின் மதகிலிருந்து விழும்போது அந்த நீர் காற்றோடு அடிபட்டு நுரைக்கிறது. மதகு நுரையைக் காட்டித் தருகிறது, அவ்வளவே. ஆயினும் 2021 நவம்பரில் மூங்கில் தடுப்பு கட்டி, நீர் தெளித்து நுரை கலைக்கப்பட்டது. பிந்தைய ஆண்டுகளில் சட் பூசையை ஒட்டி நுரையடக்கும் வேதிப்பொருள் தெளிக்கப்பட்டு வருகிறது. சாயம் ஓடிய இரைக்கு அச்சை மாற்றிக்கொண்டிருப்பவர் செய்வதும் இதுதான். எங்கே, எப்போது, ஒவ்வொரு முறையுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் யமுனையில் விடை கிடைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. தெரிந்த காரணத்தைத் தொடுவது செலவும் பகையும் தருவது; நுரையைத் தொடுவது படம் எடுக்க வசதியானது.

காரணம் தேடும் பழக்கம் மாணவப் பருவத்தில் படியாவிட்டால் அலுவலகத்துக்கு வந்தபின் படியப்போவதில்லை. அதனால்தான் கோரிக்கை சிறிதாகத் தோன்றினாலும் அவசியமானது. வேதியியல், பொருளறிவியல் பாடங்களின் செய்முறை வகுப்புகளில் பருவத்துக்கு ஒருமுறையாவது பழுதான பொருளொன்றை மேசையில் வைக்க வேண்டும். அது உரிந்த இருநிற இரையாக இருக்கலாம். வெடித்த செருப்பு அடியாகவோ மஞ்சளித்த மின்கம்பி உறையாகவோ இருக்கலாம். மாணவர் அதைத் திருத்த வேண்டியதில்லை. காரணத்தை ஊகித்து, அதைச் சோதிக்க ஒரே ஒரு காரணியை மாற்றும் திட்டத்தை எழுத வேண்டும். மதிப்பெண் அந்தத் தர்க்கத்துக்கு. ஊகம் தவறாகிப்போனால் அதையும் தேதியிட்டு நோட்டில் விட்டுவைக்க வேண்டும். ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் பலிக்காத சோதனைகளுக்குச் சில பக்கங்கள் ஒதுக்கப்பட வேண்டும்.

பழுதான இருநிற இரைகளை வார்ப்பவர்கள் வீசிவிடுவதில்லை. வெட்டி, மீண்டும் உருக்குகிறார்கள். இரண்டு நிறமும் கலந்து அழுக்குப் பழுப்பாக வரும் அந்தத் திரவத்தை மீன்பிடிக்க யாரும் விரும்புவதில்லை. புதிய அச்சு ஒன்று வந்தால், அது எங்கே நிரம்புகிறது, எங்கே குழி விழுகிறது என்று அறிய முதலில் ஊற்றிப் பார்ப்பது அதைத்தான்.